டிரான்ஸ்ஃபார்மர் பெரிதானால் பிரேக்கர் தாங்குமா?

எம்.சி.பி. என்ற பிரேக்கரின் முகப்பில் சி32 என்று எழுதியிருந்தால் 32 ஆம்பியர் என்று எல்லோரும் படித்துவிடுகிறோம். அதே முகப்பில், சின்னக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இன்னோர் எண் இருக்கும். ஷார்ட் சர்க்யூட் நேரும்போது அந்தக் கருவி சிதறாமல் அறுத்துவிடக்கூடிய மின்னோட்டத்தின் உச்சவரம்பு அது.

ஷார்ட் சர்க்யூட்டில் எவ்வளவு பாயும் என்பதைத் தீர்மானிப்பவை டிரான்ஸ்ஃபார்மரும் அங்கிருந்து வரும் கேபிளும்தான். 433 வோல்ட் தரும் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை சுமார் 667 ஆம்பியர். மின்மறிப்பு 4.5 சதவீதம் என்றால் 667-ஐ 0.045-ஆல் வகுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வாயிலேயே கோளாறு நேர்ந்தால் ஏறத்தாழ 14,800 ஆம்பியர் பாயும். குடியிருப்பில் ஏசி பெருகி, கார் சார்ஜரும் வந்து, அங்கே 5 சதவீத மின்மறிப்புள்ள 1,000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அது 26,700-ஐத் தொடும். கேபிளையும் மீட்டரையும் மாற்றுகிறவர்கள், லிஃப்ட் அறையிலும் தண்ணீர் மோட்டார் பேனலிலும் உள்ள பழைய பிரேக்கர்களை மறந்துவிடக் கூடாது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் பேனலின் செப்புப் பட்டைகளைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும்.

பேனலுக்கு முன்னால் எச்.ஆர்.சி. பியூஸ் போடுவது நல்ல வழி. பீங்கான் உறைக்குள் துளையிட்ட மெல்லிய வெள்ளி அல்லது செம்புத் தகடு. சுற்றிலும் குவார்ட்ஸ் மணல். கோளாறு பெரிதாக இருந்தால், குறுகலான இடங்களில் தகடு ஒரே நேரத்தில் உருகுகிறது. அங்கே எழும் தீப்பொறியின் வெப்பத்தை மணல் உறிஞ்சி, தானும் உருகிக் கண்ணாடிபோல் இறுகுகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அரை அலைக்கு 10 மில்லி விநாடி. மின்னோட்டம் உச்சத்தை எட்டுவதற்குள்ளேயே வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த பியூஸும் பின்னால் உள்ள பிரேக்கரும் சேர்ந்து சோதிக்கப்பட்ட ஜோடி என்று தயாரிப்பாளரின் அட்டவணை சொல்ல வேண்டும். எரிந்த பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றினால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

கேபிளின் நீளமும் கைகொடுக்கும். 10 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 20 மீட்டர் ஓடினாலே அந்த 14,800 சுமார் 6,000-க்கு இறங்கிவிடும். அதற்காக வேண்டுமென்றே நீட்டுவதும் தவறு. சி32 உடனே விழும் என்று உறுதியாகச் சொல்ல 320 ஆம்பியராவது பாய வேண்டும். கடைக்கோடியில் அதுகூடப் பாயாவிட்டால், பிரேக்கர் தாமதித்து விழும்வரை கம்பி சூடாகிக்கொண்டே இருக்கும்.

கோளாறு மின்னோட்டம் எவ்வளவு என்று கணக்கிட்டு ஒவ்வொரு பேனல் கதவிலும் தேதியோடு எழுதி ஒட்டச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும் முன்பே அந்தக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.