பூனைக்குட்டிக்குப் பேதியா? பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்!

"அம்மா, மீனு பாலே குடிக்கலைம்மா!"

பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த என் சின்னப் பெண் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. "பால் ஒத்துக்கலையோ என்னவோ, சாயந்திரம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதக் குட்டி. முதல் நாள் இரவே இரண்டு தடவை வாந்தி, பேதி வேறு. தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்ததே தவிர, ஒரு வாய் குடிக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது.

குழந்தையைச் சமாதானப்படுத்த, ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டிலிருந்து இன்னொரு குட்டி வந்தது. ஒரே வாரத்தில் அதே வாந்தி, அதே பேதி! இந்தத் தடவை அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

கால்நடை டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இதுக்கு முன்னாடி வீட்டுல வேற பூனை இருந்ததாம்மா?" என்பதுதான். நடந்ததைச் சொன்னேன். பஞ்சு சுற்றிய குச்சியால் கொஞ்சம் மலம் எடுத்து, ஒரு திரவத்தில் கலக்கி, சின்ன அட்டையில் சில சொட்டுகள் விட்டார். கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரியேதான்! கால் மணிக்குள் இரண்டு கோடுகள் தெரிந்தன.

"இது பார்வோ வைரஸ். பூனைகளுக்கு வர்ற இந்த நோய்க்கு பேன்லூக்கோபீனியான்னு பேரு. முந்தின குட்டியும் அனேகமா இதிலதான் போயிருக்கணும். குட்டி போயிடுச்சு, கிருமி உங்க வீட்டிலேயே தங்கிடுச்சு" என்றார்.

இந்த வைரஸ் குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்துவிடும். அதனால் ரத்தத்தையும் சோதித்து வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்கிறார்கள்.

"கோடு வரலைன்னா நோய் இல்லைன்னு அர்த்தமா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. மலத்துல வைரஸ் சில நாள்தான் வெளிவரும். சில சமயம் அட்டைக்குத் தப்பிடும். சந்தேகம் இருந்தா ரத்தம் பார்ப்போம், பி.சி.ஆர். செய்வோம். சமீபத்துல தடுப்பூசி போட்டிருந்தாலும் கோடு வரலாம். அதையும் மறக்காம சொல்லணும்."

வைரஸைக் கொல்ல நேரடி மருந்து கிடையாதாம். சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமிகள் சேராமல் ஆன்டிபயாடிக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதுதான். ஐந்து நாள் அலைந்தோம். ஆறாம் நாள் குட்டி தானாக எழுந்து கிண்ணத்தை நக்கியது!

"குழந்தைக்குத் தொத்திக்குமா?" என்று தாய்மார்கள் பயப்படத் தேவையில்லை. இந்த வைரஸ் மனிதருக்கு வராது. ஆனால் பூனையின் மலத்தில் வேறு கிருமிகள் இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது.

வீட்டைச் சுத்தம் செய்வதில்தான் நான் முன்பு ஏமாந்திருந்தேன். மீனு போனதும் வீடு முழுக்க ஃபினாயில் ஊற்றித் துடைத்தேன். அதை நம்பி இந்த வைரஸை விரட்ட முடியாது. மேலும் ஃபீனால் கலந்த திரவங்கள் பூனைக்கு விஷம். இந்த வைரஸ் ஒரு வருஷம்கூட உயிர்ப்போடு கிடக்கக்கூடியது. முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் வீட்டு உபயோக பிளீச் திரவம் 30 மில்லி கலந்து, தரையிலும் கிண்ணங்களிலும் 10 நிமிஷம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள். வேறு எந்தத் திரவத்தையும் இதோடு கலக்காதீர்கள். பூனை படுத்த பழந்துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

புதுக் குட்டி வாங்குகிறீர்களா? 6 முதல் 8 வார வயதில் தடுப்பூசியைத் தொடங்கி, 3, 4 வாரங்களுக்கு ஒரு முறையாக 16 வாரம் தாண்டும் வரை போட வேண்டும். இந்த நோய் வந்து போன வீடாக இருந்தால், ஊசிகளை முடித்த பிறகே குட்டியை உள்ளே கொண்டு வாருங்கள்.

மீனுவுக்கு அந்தக் கால் மணிப் பரிசோதனையைச் செய்திருந்தால் அது பிழைத்திருக்குமா, தெரியாது. ஆனால் அடுத்த குட்டியை அந்த வீட்டுக்குள் அப்படிக் கொண்டு வந்திருக்க மாட்டேன். பரிசோதனை நோயாளிப் பூனைக்காக மட்டுமல்ல, அடுத்து வரப்போகிற பூனைக்காகவும்தான். குட்டி சாப்பிடாமல் வாந்தி எடுத்தால், சாயந்திரம் வரை காத்திருக்காதீர்கள். சாம்பார் காத்திருக்கும்!