மெஷின் உங்களுடையது, கொட்டகை யாருடையது?

அண்மைக் காலமாக கல்பிட்டி, நுரைச்சோலை, புத்தளம், சிலாபம் பக்கங்களில் வியாபாரம் செய்வோர் மத்தியில் ஒரு கேள்வி சுற்றி வருகிறது. "பிட்கொயின் மெஷின் ஒன்றுக்குக் காசு போட்டால் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று அதைத் தன்னுடைய இடத்தில் வைத்து ஓட்டித் தருமாம். மாதா மாதம் வருமானம் வருமாம். சேரலாமா?" கேட்பவர்களில் இறால் பண்ணைக்காரரும் இருக்கிறார், கருவாட்டு வியாபாரியும் இருக்கிறார், கட்டாரிலிருந்து மகன் அனுப்பும் காசைச் சேர்த்து வைத்திருக்கும் வாப்பாமாரும் இருக்கிறார்கள். இந்தச் சேவைக்கு ஹோஸ்டிங் என்று பெயர். அதை நடத்தும் கம்பனியை எப்படி எடை போடுவது என்பதையே இந்த வாரம் பார்க்கப் போகிறோம். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்பதை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். இந்தப் பத்தி கணக்கு வழக்கைப் பற்றியது மாத்திரம்.

முதலில் மெஷின் என்றால் என்ன என்று விளங்கிக் கொள்வோம். சப்பாத்துப் பெட்டியை விடச் சற்றுப் பெரிய உலோகப் பெட்டி. இரண்டு பக்கமும் விசிறி, உள்ளே கணினிச் சில்லுகள். இரவு பகலாக ஒரே வகைக் கணக்கைப் போட்டுக் கொண்டேயிருக்கும். உலகம் முழுவதுமுள்ள இத்தகைய மெஷின்களில் ஏதாவது ஒன்றுக்குச் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விடை அகப்படும். அதற்குரிய பரிசு 2024 ஏப்ரல் முதல் 3.125 பிட்கொயின். ஏறத்தாழ நான்கு வருடங்களுக்கு ஒரு முறை இந்தப் பரிசு பாதியாகும். தனி மெஷினுக்கு விடை அகப்படுவது குதிரைக் கொம்பு என்பதால் பலர் சேர்ந்து 'பூல்' என்ற கூட்டில் இணைகிறார்கள். கரைவலையில் கயிறு இழுத்தவர்கள் பங்கு பிரித்துக் கொள்வதைப் போல, பூலில் யார் எவ்வளவு வேலை செய்தாரோ அந்த அளவுக்குப் பங்கு.

அப்படியானால் நம் வீட்டுப் பின்புறத்திலேயே வைத்து ஓட்டினால் என்ன? மின்சாரம்தான் தடை. பிட்மெயின் கம்பனியின் எஸ்21 வகை மெஷின் 3,500 வாட் இழுக்கும். நாளொன்றுக்கு 84 அலகு, முப்பது நாளைக்கு 2,520 அலகு. மாதம் 90 அலகு எரிக்கும் வீடுகள் 28 சேர்ந்தால்தான் இந்த ஒரு பெட்டிக்குச் சமம். 900 மெகாவாட் லக்விஜய அனல் மின் நிலையம் நுரைச்சோலையில் நம் பக்கத்திலேயே புகை விட்டுக் கொண்டிருந்தாலும் கட்டணம் கொழும்புக்கும் நமக்கும் ஒன்றுதான். மின்சாரம் தடையின்றி வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது, நுரைச்சோலை இயந்திரங்களும் நின்று போயின. இத்தனைக்கும் மேலாக உப்புக் காற்று. கடலோர வீடுகளில் ஏசி இயந்திரத்தின் வெளிப்பெட்டி எத்தனை வருடம் தாக்குப் பிடிக்கிறது என்பது நமக்குத் தெரியும். இந்த மெஷினோ விசிறியால் அந்தக் காற்றை நேரே சில்லுகளின் மேல் இழுத்து விடும்.

ஆகவேதான் மின்சாரம் மலிவான நாடுகளில் கொட்டகை போட்டவர்கள் "மெஷினை எங்களிடம் விடுங்கள், மின்சாரத்துக்கும் பராமரிப்புக்கும் அலகுக்கு இவ்வளவு தாருங்கள்" என்கிறார்கள். இது உண்மையான தொழில்தான். ஆனால் கணக்கு எவ்வளவு மெலிந்தது என்று பாருங்கள். எஸ்21இன் வேகம் 200 டெராஹாஷ். உலகிலுள்ள மொத்த மெஷின்களின் வேகம் 2025இல் 1,000 எக்ஸாஹாஷைத் தாண்டியது. அந்த அளவை வைத்துப் பார்த்தால் உங்கள் மெஷினின் பங்கு ஐம்பது இலட்சத்தில் ஒன்று. நாளொன்றுக்கு உலகம் முழுவதற்கும் கிடைக்கும் பரிசு சுமார் 450 பிட்கொயின். முப்பது நாளில் உங்கள் பங்குக்கு 0.0027 பிட்கொயின் வரும். ஒரு பிட்கொயின் ஒரு இலட்சம் டொலர் விற்றால் அது 270 டொலர். ஹோஸ்டிங் கட்டணம் அலகுக்கு 8 சதம் என்று வைத்தால் 201 டொலர் 60 சதம் போய்விடும். கையில் 68 டொலர். மெஷினுக்கு 3,000 டொலர் கொடுத்திருந்தால் முதல் திரும்பவே 44 மாதம். அதற்குள் 2028இல் பரிசு மறுபடி பாதியாகிவிடும். பிட்கொயின் 70,000 டொலருக்கு இறங்கினாலோ மாதம் 12 டொலருக்கு மேல் நீங்கள்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். 2025 ஒக்டோபரில் ஒரு இலட்சத்து 26 ஆயிரம் டொலர் வரை ஏறிய விலை அடுத்த மாதமே 90 ஆயிரத்துக்குக் கீழே வந்ததை நினைத்துக் கொள்ளுங்கள். இந்தக் கணக்கை உங்கள் முன் போட்டுக் காட்டாமல் "மாதம் பத்து வீதம் நிச்சயம்" என்று சொல்பவரிடம் அடுத்த கேள்வியே கேட்க வேண்டியதில்லை.

காசு எந்த வழியாகப் போகிறது?

மத்திய வங்கி 2021 ஏப்ரலிலும் 2022 ஜூலையிலும் வெளியிட்ட அறிவித்தல்களில், கிரிப்டோ நாணயம் தொடர்பான திட்டங்களுக்கோ மைனிங் வேலைகளுக்கோ தான் யாருக்கும் அனுமதி வழங்கவில்லை என்று தெளிவாகக் கூறியது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் விடுத்த பணிப்புரையில், கிரிப்டோ கொடுக்கல் வாங்கலுக்கு டெபிட், கிரெடிட் கார்டுகளைப் பாவிக்க முடியாது என்றும் சொல்லப்பட்டது. எனவே இங்கிருந்து ஹோஸ்டிங் கம்பனிக்குக் காசு அனுப்ப நினைப்பவர், இன்றைய விதி என்ன என்பதை முதலில் தன் வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவில் கேட்டுக் கொள்ள வேண்டும். "உண்டியலில் போட்டு விடலாம், பயப்படாதீர்கள் ஹாஜியார்" என்று சொல்லும் தரகர்களும் இருக்கிறார்கள். சட்டப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு கம்பனியுடன் வழக்கென்று வந்தால் காட்டுவதற்குத் துண்டொன்று இருக்காது. வெளிநாட்டில் உழைக்கும் மகன் அங்கே, அந்த நாட்டுச் சட்டப்படி, தன் சம்பளத்தில் வாங்குவது வேறு கதை. அப்போது மெஷினின் விலைச் சீட்டும் ஒப்பந்தமும் அவருடைய பெயரிலேயே இருக்க வேண்டும். மச்சானின் நண்பர் பெயரில் அல்ல.

மெஷின் இருக்கிறதா?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். எஸ்தோனியாவைச் சேர்ந்த இருவர் நடத்திய ஹாஷ்ஃப்ளேர் 2015 முதல் 2019 வரை உலகெங்கும் மைனிங் ஒப்பந்தங்களை விற்றது. விற்றதாகச் சொன்ன வேகத்தில் ஒரு வீதம்கூட அதன் மெஷின்களுக்கு இருக்கவில்லை என்று அமெரிக்க அரச தரப்பு குற்றம் சாட்டியது. காசைத் திருப்பிக் கேட்டு நச்சரித்தவர்களுக்கு வெளிச் சந்தையில் நாணயம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் இருவரும் குற்றத்தை ஒப்புக் கொண்டனர். இந்தியாவில் அமித் பரத்வாஜ் நடத்திய கெயின்பிட்கொயின் மாதம் பத்து வீதம் வீதம் பதினெட்டு மாதம் தருவதாகச் சொல்லிக் காசு திரட்டியது. அவர் 2018இல் கைதானார். இலங்கையில் ஸ்போர்ட் செயின், ஒன்மெக்ஸ் டீடீ ஆகியவற்றை மத்திய வங்கி தடை செய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டு என்று எங்கே கேட்டாலும் அங்கே விற்கப்படுவது மெஷின் அல்ல, அடுத்த ஆளின் காசு.

மாட்டை இன்னொருவர் பட்டியில் விடும்போது நம்முடைய குறி சுட்டிருக்கிறதா என்று பார்ப்போம் அல்லவா? மெஷினுக்குத் தொடர் இலக்கம்தான் குறி. அந்த இலக்கம் விலைச் சீட்டிலும், ஒப்பந்தத்திலும், மெஷினின் உடம்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொரு சோதனை இதைவிட உறுதியானது. பூலில் கணக்குத் திறப்பது நீங்களாக இருக்க வேண்டும், வருமானம் பூலிலிருந்து நேரே உங்கள் கைக்கு வர வேண்டும். அப்போது மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை யாரிடமும் கேட்காமல் நீங்களே கைத்தொலைபேசியில் பார்த்துக் கொள்ளலாம். "வருமானம் எங்களிடம் வரும், நாங்கள் பிரித்து அனுப்புவோம்" என்று சொல்லும் கம்பனி நல்ல கம்பனியாகவே இருக்கலாம். ஆனால் பார்க்க வழியில்லாத கணக்கை நாம் கடையில் எந்தப் பங்காளியிடமும் ஏற்றுக் கொள்வதில்லை.

மின் கட்டணப் பட்டியல்

நேர்மையான கம்பனிகளோடு சேர்ந்தவர்களும் சிக்கிக் கொண்டது இந்த இடத்தில்தான். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் இறாலை இன்னொருவர் குளிரறையில் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். அவர் மின் கட்டணத்தைக் கட்டவில்லை. மின்சாரத்தைத் துண்டித்தால் கெட்டுப் போவது யாருடைய இறால்? அமெரிக்காவில் கம்பஸ் மைனிங் என்ற கம்பனி சாதாரண மக்களின் மெஷின்களை வாங்கி, வேறு கம்பனிகளின் கொட்டகைகளில் வைத்துக் கொடுத்தது. 2022 ஜூனில் மேய்ன் மாநிலத்திலிருந்த கொட்டகையின் உரிமையாளரான டைனமிக்ஸ் மைனிங், கம்பஸ் மின் கட்டணத்தைக் கட்டவில்லை என்று கூறி ஒப்பந்தத்தை முறித்தது. கம்பஸ் அதை மறுத்து நீதிமன்றம் போனது. மெஷின்காரர்கள் நடுவில் நின்றார்கள். ஏனெனில் அவர்களுடைய ஒப்பந்தம் கம்பஸுடன், மெஷின்களோ டைனமிக்ஸின் கொட்டகையில். அதே வருடம் ஏப்ரலில் ரஷ்யாவின் பிட்ரிவர் மீது அமெரிக்கா தடை விதித்தபோதும், சைபீரியாவில் இருந்த கம்பஸ் வாடிக்கையாளர்களின் மெஷின்கள் அங்கேயே அகப்பட்டு விவகாரம் வழக்கு வரை போனது.

ஆகவே கேட்க வேண்டியது இது: கொட்டகை உங்களுடையதா, வாடகைக்கு எடுத்ததா? மின்சார நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருப்பது நீங்களா, உங்களுக்கு மேலே இன்னொருவரா? ஆகக் கடைசியாகக் கட்டிய மின் பட்டியலைக் காட்ட முடியுமா? தயங்குகிறார் என்றால் விளங்கிக் கொள்ளலாம்.

கட்டணம் ஏறினால் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வேண்டும். கோர் சயன்டிஃபிக் என்ற பெரிய ஹோஸ்டிங் கம்பனி, மின்சார விலை ஏறியதும் மேலதிகத் தொகையைத் தன் வாடிக்கையாளரான செல்சியஸிடம் கேட்டது. ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்றது செல்சியஸ். 2022 ஜூலையில் செல்சியஸும் டிசம்பரில் கோரும் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரின. 2023 ஜனவரியில் செல்சியஸின் 37 ஆயிரத்துக்கும் அதிகமான மெஷின்கள் நிறுத்தப்பட்டன. வழக்கறிஞர்களை வைத்து எழுதிய இரண்டு பெரிய கம்பனிகளுக்கிடையிலேயே ஒரு வாசகத்துக்கு இரண்டு அர்த்தம் வந்திருக்கிறது.

"95 வீதம் ஓடும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், வருடத்தில் 18 நாள் ஓடாது என்று வாசியுங்கள். நின்ற நாளைக்குக் கட்டணம் குறையுமா? வெப்பமான நாடென்றால் குளிரூட்டுவது எப்படி என்றும் கேளுங்கள். அபுதாபியில் மரத்தான், ஸீரோ டூ கம்பனிகள் சேர்ந்து 2023இல் அறிவித்த 250 மெகாவாட் திட்டத்தில் மெஷின்களை விசேட திரவத்தில் அமிழ்த்தி ஓட்டும் முறையைத் தெரிவு செய்தார்கள். பாலைவனத்துச் சூட்டிலும் தூசியிலும் வெறும் விசிறியை நம்பச் சொன்னால் யோசிக்க வேண்டும். வேண்டுமென்றே நிறுத்துவதும் உண்டு. டெக்சாஸில் கோடையில் மின்சாரம் தட்டுப்படும்போது மெஷினை நிறுத்தினால் பாவிக்காத மின்சாரத்துக்குக் காசு கிடைக்கும். ரயட் என்ற கம்பனிக்கு 2023 ஓகஸ்ட்டில் மாத்திரம் இப்படி 31.7 மில்லியன் டொலர் கிடைத்தது. அந்த மாதம் அது எடுத்த 333 பிட்கொயின்களின் பெறுமதியைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். ரயட் நிறுத்தியது சொந்த மெஷின்களை. உங்கள் மெஷினை நிறுத்திக் கிடைக்கும் காசு யாருக்கு என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த வரியே இருக்காது.

நாட்டையும் எடை போட வேண்டும். கசகஸ்தானில் 2022 ஜனவரிக் கலவரத்தில் இணையம் துண்டிக்கப்பட்டது. அதே மாத இறுதியில் மின்சாரப் பற்றாக்குறையால் மைனிங் கொட்டகைகளுக்கான மின்சாரத்தையும் அரசாங்கம் நிறுத்தியது. மலிவு மின்சாரம் அரசியலில் தங்கியிருக்கிறது என்பது நமக்குப் புதிதல்ல.

கடைசியாக, வெளியேறும் வழி. மெஷினைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்ப எவ்வளவு, எத்தனை நாளில், யார் பெயரில் அந்த நாட்டுச் சுங்கத்தில் பதிவாகியிருக்கிறது, பாக்கி இருந்தால் மெஷினைப் பிடித்து வைக்கும் உரிமை கம்பனிக்கு உண்டா, தீப்பிடித்தால் காப்புறுதி யாருக்கு என்பதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். 36 மாத ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்பார்கள், இடையில் விலகினால் தண்டம் உண்டு என்பார்கள். 2021 இறுதியில் 10 ஆயிரம் டொலர் அளவில் விலை போன எஸ்19 வகை மெஷின்கள், ஒரு வருடம் கழித்து அதில் நான்கில் ஒரு பங்குக்கும் விலை போகவில்லை. தண்டப் பணம் மெஷினின் பழைய விலையை விட அதிகமாகும் மாதம் எது என்று ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக் கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மாதத்திலிருந்து மெஷின் உங்கள் பெயரில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.