தொக்கு நிற்கும் நஞ்சு

கோப்பித் தோட்டங்கள் செழித்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தமிழகத்திலிருந்து புறப்பட்ட நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிலே வாந்திபேதி பலரை வாரிக்கொண்டது. எஞ்சியோர், நோயைக் கொணர்ந்தோர் என்னும் பழியையும் சுமந்து மலையேறினர். பின்னாளில் மண்டபம் முகாமிலே தோட்டத்துக்கு வருவோரைத் தடுத்து வைத்ததும் இந்நோய் முதலிய கொள்ளைநோய்களுக்கு அஞ்சியே.

அந்நோயின் வேர் யாது? காற்புள்ளி போல் வளைந்த பற்றீரியமே காரணம் என 1884இல் கல்கத்தாவிலே ஆராய்ந்த றொபேட் கொக் கூறினார். அப்பற்றீரியம் சுரக்கும் நஞ்சே குடலில் நீரைப் பெருக்குகிறது என்பதை 1959இல் அந்நகரத்து அறிஞர் சம்புநாத் தே காட்டினார். 1996இலோ வால்டோர், மெக்கலானோஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். அந்த நஞ்சை ஆக்கும் பரம்பரையலகு, பற்றீரியத்தைத் தொற்றும் வைரசு ஒன்றின் உடைமையாம்!

இதனை நம் இலக்கணங்கொண்டு விளக்கலாம். ‘நீர் பருகினான்’ என்புழி ‘ஐ’ உருபு தொக்கு நிற்கிறது. கண்ணுக்குத் தோன்றாவிடினும் அதன் பொருள் குன்றுவதில்லை. அவ்வாறே இவ்வைரசும் பற்றீரியத்தின் பரம்பரை இழையோடு இழையாய்த் தொக்கு நிற்கும். அதன் பெருக்கத்தை இரு புரதங்கள் பூட்டி வைத்துள்ளன. ஒன்று வைரசினது, மற்றையது பற்றீரியத்தினது. பூட்டு விழுந்திருக்கும் நிலையிலும் நஞ்சுப் பகுதி தன் தொழிலைச் செய்ய வல்லது.

புற ஊதாக் கதிராலோ சில மருந்துகளாலோ பரம்பரை இழை சிதைவுறின், பற்றீரியத்தின் பூட்டுப் புரதம் தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும். உடனே தொகை விரியாகும். புதிய வைரசுகள் தோன்றி, இருந்த வீட்டை இடிக்காமலே வெளியேறி, நஞ்சில்லாத பற்றீரியங்களுட் புகும். நேற்றுவரை வாளாவிருந்தவையும் இன்று கொல்லும் ஆற்றல் பெறும்.

தான் சுமப்பது இன்னதென்று பற்றீரியம் அறியாது. காட்டு வழி நடந்த நம்மவரும் தாம் சுமந்தது யாதென அறிந்தாரல்லர். வழியெங்கும் தூய நீர் கிடைத்திருப்பின், தொக்கு நின்ற அந்நஞ்சு அத்துணைக் குடல்களை எட்டியிராது. ஆதலின் பழி, நோயைச் சுமந்தவர்க்கு உரியதன்று. உழைப்பை மட்டும் வேண்டி, குடிக்கத் தூய நீர் வையாதவர்க்கே உரியது.