தம்ளரில் எப்படிப் பெயர் போடுவது?

ஆடித் திருவிழாவுக்குக் காகிதக் கப்பை விட்டுவிட்டு எவர்சில்வர் தம்ளருக்கு மாறலாம் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். தம்ளர் என்று முடிவானதும் பேச்சு பெயரில் வந்து நிற்கும். யார் பெயரைப் போடுவது, எதனால் போடுவது? பலரும் முதல் கேள்வியில் நெடுநேரம் வாதாடிவிட்டு இரண்டாவதை அச்சகத்திடம் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தம்ளர் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதோ இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

புதுச்சேரி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் தேர் ஆடி ஐந்தாம் வெள்ளியில் ஓடும். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர், முதலமைச்சர் என்று தொடர்கிறது. தேருக்கு வரும் அவ்வளவு கூட்டத்துக்கும் மோரும் தண்ணீரும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புகளுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. அந்த இடத்தைக் காகிதக் கப் பிடித்துக்கொண்டது. அதன் உட்புறத்திலும் பிளாஸ்டிக் பூச்சுதான். ஆகவே கழுவி மறுபடி எடுக்கும் தம்ளர்தான் வழி. கழுவுவது என்றால் நம் ஊர்க் கழுவல்: நாரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, சாக்கில் கட்டித் தூக்கிப்போடுவது. எந்த அச்சையும் இந்தக் கழுவலை வைத்தே எடைபோட வேண்டும்.

ஸ்டிக்கர் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் போயிற்று.

ஸ்கிரீன் பிரிண்டிங் நம் அச்சகங்களுக்குப் பழகிய தொழில். வலைத்துணிச் சட்டத்தின் மேல் மையைத் தள்ளினால் எழுத்து கீழே இறங்கும். வளைந்த தம்ளர் என்றால் சட்டம் நகர நகரத் தம்ளர் உருள வேண்டும். அதற்குத் தனி எந்திரம். நிறத்துக்கு ஒரு சட்டம் என்பதால், நிறம் கூடினால் செலவும் கூடும். எவர்சில்வரில் சாதாரண மை ஒட்டாது. கெட்டியாக்கும் பொருள் கலந்த எபாக்சி மையைப் பூசி, சூட்டில் இறுக்க வேண்டும். எவர்சில்வருக்குப் பதில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கப் என்றால், அது மையை ஏற்காத ஜாதி. அதன் மேற்பரப்பை ஒரு நொடி தீச்சுடரில் காட்டிய பிறகே மை பிடிக்கும். இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டால் நகத்தால் சுரண்டினாலே எழுத்து உதிரும். மலிவாகக் கேட்கும் விலையில் பல சமயம் அந்தப் படிதான் காணாமல் போகிறது.

புகைப்பட மக்கில் செய்யும் சப்ளிமேஷன் வேறு வகை. ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் மை ஆவியாகிப் பூச்சுக்குள் போய்ப் படியும். அதற்கென்று பாலிமர் பூச்சு வேண்டும். வெறும் எவர்சில்வரில் நடக்காது. அலமாரியில் வைக்கும் பரிசுப் பொருளுக்கு அழகுதான். அன்னதானக் கூடத்து நாருக்கு அந்தப் பூச்சு ஈடுகொடுக்காது.

மையைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2010 ஜூனில் மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் ஷ்ரெக் படம் அச்சிட்ட சுமார் 1.2 கோடி கண்ணாடித் தம்ளர்களைத் திரும்பப் பெற்றது. படத்தின் வண்ணத்தில் காட்மியம் இருந்ததே காரணம். உதடு படும் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை எந்த மையும் வேண்டாம் என்று அச்சகத்திடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

மை கழன்று போகிற ஒன்று; அழுத்தியோ வெட்டியோ எழுதிய பள்ளம் போகாது. இதை வீராம்பட்டினத்துக்கு வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு என்ற அகழாய்வு மேடு. 1949-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் காசால் தம் அரிக்கமேட்டு அகழாய்வு நூலுக்கு வைத்த தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் இருக்கிறது. அதற்கு முன் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அந்த மேட்டில் தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோ பகுதியைச் சேர்ந்த செந்நிற மட்கலங்களின் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றில் காமுரி, இட்டா என்று பட்டறை முத்திரைகள். பச்சை மண் பாதி இறுகியிருக்கும்போது அச்சை அழுத்தி, பிறகு சூளையில் வைத்திருக்கிறார்கள். எழுத்தும் மண்ணும் ஒரே உடம்பு. கடல் கடந்து வந்து, யார் யாரோ உண்டு கழுவி, உடைந்து, சுமார் இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த பிறகும் பட்டறைக்காரன் பெயரை வாசிக்க முடிகிறது. அதே மேட்டில் தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகளும் கிடைத்தன. அவை பெரும்பாலும் சுட்ட பிறகு கூர்முனையால் கீறியவை.

இந்தக் கீறலின் இன்றைய வாரிசு நம் பாத்திரக்கடையில் இருக்கிறது. குடம் வாங்கினாலும் சம்புடம் வாங்கினாலும் கடைக்காரர் கேட்பார்: "பேர் வெட்டணுமா?" அதிரும் முனையுள்ள கைக்கருவியால் புள்ளி புள்ளியாக எழுதித் தருவார். பாட்டி பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரத்தைப் பேத்தி இன்றும் அடுப்பில் வைக்கிறாள். மையில்லை, சூளையில்லை, சட்டச் செலவில்லை. பத்து தம்ளருக்கும் செய்யலாம். ஆயிரக்கணக்கில் வேண்டும், எழுத்து ஒரே சீராக வேண்டும் என்றால் உலோகத்தில் எழுத்தைப் பொறிக்கும் ஃபைபர் லேசர். அதிலும் மை கிடையாது. ஆனால் கடலோர ஊரில் ஓர் எச்சரிக்கை உண்டு. லேசர் சூட்டில் எவர்சில்வரைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் கெடலாம். உப்புக்காற்றில், மலிவான 200 வரிசை எவர்சில்வரில், எழுத்தின் மேலேயே துரு பூக்கும். குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் கொண்ட 304 ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். மாதிரி ஒன்றில் எழுதி உப்புநீரில் சில நாள் ஊறவைத்துப் பார்த்த பின் மொத்த ஆர்டரைக் கொடுங்கள்.

இப்போது யார் பெயர் என்ற முதல் கேள்விக்கு வரலாம். என் கருத்து உறுதியானது: ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் போதும். ஆண்டைப் போடவே கூடாது. '2025 ஆடித் தேர்' என்று வெட்டினால் அடுத்த ஆடியில் அது பழைய தம்ளராகிவிடும். ஐரோப்பியக் கால்பந்து அரங்கங்களில் வீரர் படம் போட்ட கப்புக்கு முன்பணம் வாங்கினாலும், ரசிகர்கள் அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்துக் கப்பை நினைவுப் பொருளாக எடுத்துப் போகிறார்கள். அழகு கூடினால் தம்ளர் திரும்பாது. உபயதாரரின் தருமத்தை மறைக்கச் சொல்லவில்லை. அவர் பெயரைத் தம்ளர் வைக்கும் பெட்டியில் பெரிதாக எழுதலாம். தம்ளரில்தான் வேண்டும் என்றால் அடிப்பாகத்தில் சிறிதாக வெட்டலாம். பக்கவாட்டில், கைபிடிக்கும் இடத்துக்குக் கீழே, 'செங்கழுநீர் அம்மன் கோயில், வீராம்பட்டினம்' என்ற இரண்டு வரி இருந்தால், அரியாங்குப்பம் வீட்டுச் சமையலறைக்குப் போன தம்ளர்கூட எங்கே சேர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கழுவும் தொட்டி எத்தனை, தண்ணீர் எவ்வளவு, அந்த வேலைக்குக் கூலி யார் தருவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.