புதுச்சொல் அகராதியில் ஏறுவது எவ்வாறு?

‘கணினி’, ‘மின்னஞ்சல்’, ‘மடிக்கணினி’ ஆகிய சொற்களை இன்று தமிழ் படிக்கும் மாணவர் பலரும் அறிவர். ஆனால், சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘தமிழ் லெக்சிகன்’ என்னும் பேரகராதியில் இவற்றைத் தேடினால் கிடைக்கா. அதன் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. எனினும் அக்காலத்தில் இப்பொருள்களே இல்லை; ஆகவே அவற்றின் பெயர்களும் இல்லை. பொருள் வந்தபின் பெயர் பிறந்தது. பெயர் பரவியபின் அகராதி அதனை ஏற்றது. பிறந்த சொற்கள் அனைத்தும் அகராதியில் ஏறுவதில்லை. எச்சொல் ஏறும், எச்சொல் ஏறாது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

புதியன புகுதல்

மொழியில் புதுச்சொல் சேர்வது பழங்காலம் முதலே உள்ள வழக்கம். தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. பிற நிலங்களிலிருந்தும் பிற மொழியிலிருந்தும் வந்த சொற்களுக்கு இலக்கணமே இடம் தந்தது என்பது இதனால் விளங்கும். பழையவை நீங்குவதும் புதியவை சேர்வதும் காலத்தின் இயல்பு என்றும், அது குற்றமன்று என்றும் நன்னூல் கூறுகிறது.

சாவி, சன்னல், மேசை, அலமாரி ஆகியவை போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. இன்று அவற்றை அயற்சொல் என்று எண்ணுவோர் குறைவு. தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் இந்திச் சொற்கள் கலப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

சொல் ஆக்கிய முயற்சிகள்

சொற்கள் தாமே வந்து சேர்வதும் உண்டு. அறிஞர்கள் கூடி ஆக்குவதும் உண்டு. அறிவியலைத் தமிழில் கற்பிக்க வேண்டுமெனில் அதற்குரிய சொற்கள் வேண்டும். இதனை உணர்ந்து, 1916ஆம் ஆண்டில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் அறிவியல் சொல்லாக்கத்திற்கெனச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர்; அதற்கென ஓர் இதழும் நடத்தினர்.

இந்தியா விடுதலை பெற்றபின் இப்பணி நாடு முழுவதற்கும் தேவைப்பட்டது. 1961ஆம் ஆண்டில் நடுவண் அரசு தில்லியில் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை அமைத்தது. தில்லிப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் தௌ. சி. கோத்தாரி அதன் முதல் தலைவர் ஆவார். இந்தியிலும் பிற இந்திய மொழிகளிலும் கலைச்சொற்களை உருவாக்குவது ஆணையத்தின் பணி. எல்லாச் சொற்களையும் மாற்றவேண்டும் என்று அது கூறவில்லை. மீட்டர் போன்ற அளவுப் பெயர்களையும், ஆம்பியர், வோல்ட் என அறிஞர் பெயரால் அமைந்த சொற்களையும் அவ்வாறே வழங்கலாம் என்பது அதன் நெறி.

தமிழ்நாட்டில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் 1974இல் தொடங்கப்பெற்றது. ஞா. தேவநேயப் பாவாணர் அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

நிலைத்தவையும் நிலையாதவையும்

அறிஞர் ஆக்கிய சொல்லை மக்கள் ஏற்றால்தான் அது வாழும். ‘தேநீர்’ என்னும் சொல் நிலைத்தது. சொல்வதற்கு எளிது, பொருளும் கேட்டவுடன் விளங்குகிறது. காப்பிக்குக் ‘கொட்டைவடிநீர்’ என்றும் ‘குளம்பி’ என்றும் பெயர் வைத்தனர். ஆயினும் வீடுகளிலும் கடைகளிலும் காப்பியே நிலைபெற்றது.

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் போட்டியிடுவதும் உண்டு. ‘கணிப்பொறி’, ‘கணிப்பான்’, ‘கணினி’ என்பவற்றுள் கணினி முந்தியது. அது சுருக்கமானது, ‘மடிக்கணினி’, ‘கணினிமயம்’ எனப் புதிய சொற்கள் கிளைக்கவும் இடந்தருவது. ‘கைபேசி’, ‘அலைபேசி’, ‘செல்பேசி’ ஆகியவை இன்றும் ஒருசேர வழங்குகின்றன. தன்னைத் தானே எடுத்துக்கொள்ளும் படத்துக்குத் ‘தாமி’, ‘தம்படம்’, ‘சுயமி’ என மூன்று பெயர்கள் உள்ளன. மக்கள் பேச்சில் ‘செல்ஃபி’ என்பதே முன்னிற்கிறது. இப்போட்டி இன்னும் முடியவில்லை.

சொல் பரவுவதற்கு வாயில்கள் வேண்டும். ‘பேருந்து நிலையம்’ என்னும் பெயர்ப்பலகையை நாள்தோறும் கண்டவர்க்குப் பேருந்து பழகிய சொல்லாயிற்று. 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது; பொருளோடு அதன் பெயரும் வீடுகளுக்குள் சென்றது. தில்லிக்கும் இதில் பங்கு உண்டு. அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திகள் பல்லாண்டுகள் தில்லியிலிருந்து ஒலிபரப்பாயின. சரோஜ் நாராயணசுவாமி போன்றோர் வாசித்த அச்செய்திகள், புதிய சொற்களைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்தன.

அகராதியாளர் பணி

அகராதி தொகுப்போர் தம் விருப்பப்படி சொற்களைச் சேர்ப்பதில்லை; சான்று தேடுகின்றனர். ஒரு சொல் நூல்களிலும் இதழ்களிலும் வழங்குகிறதா, பலர் அதனை ஒரே பொருளில் ஆள்கின்றனரா, சில ஆண்டுகளேனும் நிலைத்ததா என ஆராய்கின்றனர். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி தொகுக்கப்பட்ட காலத்தில், தன்னார்வ வாசகர்கள் தாம் படித்த நூல்களிலிருந்து சொல்லாட்சிகளைச் சிறு தாள்களில் எழுதி அனுப்பினர். அவையே அகராதிக்குச் சான்றாயின. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய தமிழ்ச் சொற்களிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள் அதில் உள்ளன. பேச்சில் வழங்கும் ‘ஐயோ’ என்பதும் 2016இல் அதில் இடம்பெற்றது.

தமிழில் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ 1992இல் வெளிவந்தது. இக்கால எழுத்தில் உண்மையாக வழங்கும் சொற்களை எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் அது தருகிறது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளும் உள்ளன. தமிழ்நாட்டிற்கு வெளியே வழங்கும் தமிழும், எழுத்தில் பதிவானால் அகராதியில் இடம்பெறும் என்பதற்கு இது சான்று.

நம் பங்கு

ஆகவே, சொல்லை ஆக்குபவர் அறிஞர். பதிவு செய்பவர் அகராதியாளர். முடிவு செய்பவர் மொழியைப் பேசுவோரும் எழுதுவோரும் ஆவர். தில்லியில் வளரும் தமிழ் மாணவரும் அவர்களுள் அடங்குவர். உறவுப் பெயர்களுக்கும் உணவுப் பெயர்களுக்கும் மட்டும் தமிழைப் பயன்படுத்தி, பள்ளி, பயணம், அறிவியல் ஆகியவற்றைப் பிற மொழிகளிலேயே பேசிவந்தால், தமிழ் பழம்பொருள்களின் மொழியாகச் சுருங்கிவிடும். அகராதியில் சொற்கள் பெருகினாலும் அக்குறை நீங்காது. ஊரிலுள்ள தாத்தாவுக்குத் தாம் கற்ற அறிவியல் செய்தியைத் தமிழில் விளக்கும் மாணவரிடத்தில் புதிய சொற்கள் வாழ்வு பெறுகின்றன. அவர் எழுதும் கடிதமும் கட்டுரையும் நாளைய அகராதிக்குச் சான்றாகலாம்.

அருஞ்சொற்பொருள்

ஆணையம் – அரசு அமைத்த குழு
கலைச்சொல் – ஒரு துறைக்கு உரிய சிறப்புச் சொல்
சொல்லாட்சி – சொல்லைப் பயன்படுத்தும் முறை
வழக்கு – மக்கள் வழங்கும் முறை

பயிற்சி

1. ‘தேநீர்’ நிலைத்ததற்கும் ‘கொட்டைவடிநீர்’ நிலையாமைக்கும் காரணம் யாது?
2. ஒரு சொல்லை அகராதியில் சேர்க்குமுன் அகராதியாளர் எவற்றை ஆராய்கின்றனர்?
3. உங்கள் வீட்டில் வழங்கும் பிறமொழிச் சொற்கள் ஐந்தினைத் தொகுத்து, அவற்றுக்கு நிகரான தமிழ்ச் சொற்களை எழுதுக.