அடைப்பு நீங்கிய பின்னர்

குளத்தின் துருசைத் திறந்துவிட்டால் வயலுக்கு நீர் பாய்ந்துவிடும் என்று எண்ணுகிறோம். வயலுக்குள் ஓடும் சிறு வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தால், துருசு திறந்தும் பயிர் வாடவே செய்யும். மாரடைப்புக்கு ஆளான இருதயத்திலும் சில வேளைகளில் இதுவே நிகழ்கிறது.

இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடியை முடியுருநாடி என்பர். அதனைக் குருதிக்கட்டி அடைத்துக்கொள்வதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். 1977ஆம் ஆண்டு சூரிச் நகரில் அந்திரியாசு குறுன்சிக் என்ற வைத்தியர், நுனியில் சிறு பலூன் பொருத்திய குழாயைச் செலுத்தி, ஒடுங்கிய முடியுருநாடியை விரித்துக் காட்டினார். இன்று அம்முறையாலும், கட்டியைக் கரைக்கும் மருந்தாலும் அடைப்பு நீக்கப்படுகிறது.

ஆயினும் நாடி திறந்தவுடன் யாவும் முடிந்துவிடுவதில்லை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளரான குளோனரும் அவருடைய துணைவர் இருவரும், நாய்களின் முடியுருநாடியை இறுக்கிப் பின்னர் தளர்த்தி ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். 40 நிமிடம் இறுக்கியபோது, தளர்த்தியதும் குருதி எங்கும் பரவிற்று. 90 நிமிடம் இறுக்கியபோதோ, தசையின் உட்புறத்துச் சில பகுதிகளுக்குக் குருதி திரும்பவே இல்லை. அங்கே நுண்குழாய்களின் உட்சுவர்க் கலங்கள் பழுதுற்று வீங்கியிருந்தன.

மயிர்த்துளைக் குழாய்களுள் செங்குழியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல இயலும். அவ்வளவு ஒடுங்கிய வழி அது. உட்சுவர் வீங்குகிறது, வெளியே வீங்கிய தசையும் நெருக்குகிறது, வெண்குழியங்கள் ஒட்டிக்கொள்கின்றன, மேலே உடைந்த கட்டியின் துணுக்குகள் வந்து சிக்குகின்றன. நிலைமை முற்றினால் குழாய்ச் சுவரே சிதைந்து, குருதி தசைக்குள் கசியும். இவ்வாறு நுண்குழாய்கள் அடைபட்டவர்களுக்குப் பின்னாளில் இருதயம் தளர்வுறும் அபாயம் அதிகம்.

இவற்றைக் காப்பது எவ்வாறு? அடினோசீன், நைத்திரோபுருசைட்டு முதலிய மருந்துகளை முடியுருநாடிக்குள்ளேயே செலுத்தி நுண்குழாய்களை விரிக்க வைத்தியர்கள் முயல்கின்றனர். பலன் எல்லோரிடத்தும் ஒன்றுபோல் இல்லை. கட்டியை உறிஞ்சி எடுத்தலும் பெரிதும் நம்பப்பட்டது. 10,000க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்ட ஆய்வொன்று, அதனை வழக்கமாக எல்லோருக்கும் செய்வதால் இறப்புக் குறையவில்லை என்றும், பக்கவாதம் சற்றுக் கூடிற்று என்றும் 2015இல் காட்டியது. கலைப் பாடங்கள் பயின்ற என் போன்றோருக்கு இது வியப்பாகவே இருக்கும்.

ஆகவே ஐயத்துக்கிடமின்றிப் பயன்தருவது விரைவே. நாயின் கணக்கு மனிதனுக்கு அப்படியே பொருந்தாது. எனினும் 40க்கும் 90க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். நம்மவரோ நெஞ்சுவலியை வாயு என்று கருதி, இஞ்சிச்சாறு குடித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். என்னுடன் கற்பித்த ஆசிரியர் ஒருவர் அவ்வாறே விடியும்வரை காத்திருந்தார். அவருடைய நாடி திறக்கப்பட்டது, உயிரும் தப்பியது, ஆனால் பாடசாலையின் மாடிப்படிகளை ஏற அவரால் பின்னர் இயலவில்லை.

நெஞ்சில் பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியன தோன்றினால், நள்ளிரவாயினும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். வலி தொடங்கிய நேரத்தையும் குறித்துவைத்து வைத்தியரிடம் கூறுங்கள். அவர் முதலில் கேட்பவற்றுள் அதுவும் ஒன்று.