எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் பயனீட்டாளர் உரிமையும்

காரின் மீட்டர் பலகையில் எஞ்சின் வடிவில் மஞ்சளாக எரியும் விளக்கு, புகை வெளியேற்றத்தைப் பாதிக்கக்கூடிய ஓர் அளவீடு வரம்பு மீறியிருப்பதை எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி கண்டறிந்துள்ளது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. எந்த உதிரிபாகம் பழுதடைந்தது என்பதை அது சொல்வதில்லை. இவ்வேறுபாடு விளங்காத உரிமையாளரிடமே பட்டறையில் தேவையற்ற பாகங்கள் விலைபோகின்றன.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி எனும் கண்காணிப்பு முறையில், ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்திலுள்ள 16 முனைகள் கொண்ட இணைப்பில் ஸ்கேனர் கருவியைப் பொருத்தினால், கணினி பதிந்து வைத்துள்ள குறியீட்டைப் படித்துவிடலாம். எடுத்துக்காட்டாக, பி0420 என்னும் குறியீடு, நச்சுப்புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைந்துள்ளதைக் காட்டுகிறது. ஆயினும் புகைக்குழாயில் ஏற்பட்ட சிறு கசிவோ, பழுதான ஆக்சிஜன் உணரியோகூட அதே குறியீட்டை எழுப்பக்கூடும் என்பதால், அவற்றைச் சோதிக்காமல் பிளாட்டினம், பலேடியம் முதலிய விலையுயர்ந்த உலோகங்கள் அடங்கிய கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வது முறையான பழுதாய்வு ஆகாது.

விளக்கு சீராக எரிந்து, காரின் ஓட்டத்தில் மாற்றம் ஏதும் இல்லையெனில், பெட்ரோல் மூடி இறுக்கமாக உள்ளதா என்று பார்த்துவிட்டு, சில நாட்களுக்குள் சோதனைக்குக் கொண்டு செல்லலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதன் உட்பகுதியை உருக்கிவிடக்கூடிய ஆபத்தை அது குறிக்கிறது. மலேசியாவின் பினாங்கில் கார் ஓட்டுவோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: 2021 முதல் பினாங்கு ஃபெரியில் கார்கள் ஏற்றப்படாததால், தீவிலிருந்து பெருநிலத்துக்குச் செல்லும் கார்கள் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலத்தையோ, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலத்தையோதான் கடக்க வேண்டியுள்ளது. விளக்கு மின்னும் நிலையில் பாலத்தில் ஏறுவதும், பாலிக் புலாவ் மலைப்பாதையில் எஞ்சினுக்குச் சுமையேற்றுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. எண்ணெய் அழுத்தம் அல்லது வெப்பநிலைக்கான சிவப்பு விளக்கும் உடன் எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

பழைய கார் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஞ்சினை முடுக்குவதற்கு முன் சாவியைத் திருப்பிய நிலையில் இவ்விளக்கு ஒருகணம் எரிந்தாக வேண்டும். எரியவே இல்லையெனில் விளக்கு செயலிழந்திருக்கலாம், அல்லது வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருக்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிக் குறியீட்டை அழிப்பதும் பழுதை மறைக்குமே தவிர நீக்காது. மூலக்காரணம் தீராதவரை விளக்கு மீண்டும் எரியும்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை வழங்குவோர் நியாயமான கவனத்துடனும் திறனுடனும் பணி செய்ய வேண்டும்; முன்கூட்டியே விலை பேசப்படாத இடத்தில் நியாயமான கட்டணமே கேட்க முடியும். பட்டறைகள் வெளியிட வேண்டிய தகவல்களுக்கென 2002இல் தனி விதிமுறைகளும் வகுக்கப்பட்டன. ஆகவே, பணி தொடங்குமுன் குறியீட்டின் எண், அதற்கெனக் கண்டறியப்பட்ட காரணம், மாற்றப்படும் பாகம் புதியதா பழையதா என்பது, மொத்தச் செலவு ஆகியவற்றை எழுத்தில் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. கழற்றிய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வது பின்னர் சான்றாக உதவும்.

பணம் கட்டிய பின்னும் அதே குறியீடு திரும்பினால், முதலில் அதே பட்டறையிடம் நியாயமான கால அவகாசம் தந்து குறையைச் சரிசெய்யக் கோர வேண்டும். மறுக்கப்பட்டால் வேறிடத்தில் சரிசெய்து, அதற்கான நியாயமான செலவைக் கோரச் சட்டம் வழிவகுக்கிறது. இத்தகைய கோரிக்கையை, 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், வழக்கறிஞர் உதவியின்றி 5 ரிங்கிட் கட்டணத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்யலாம். வழிகாட்டுதல் தேவைப்படுவோர், எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல்லாண்டுகள் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் அணுகலாம். மதிப்பீட்டுத் தாள், ரசீது, குறியீட்டின் படம் ஆகியவற்றைப் பழுது முழுமையாகத் தீர்ந்ததென்று உறுதியாகும்வரை பத்திரமாக வைத்திருங்கள்; மன்றத்தில் வாய்ச்சொல்லைவிட அவையே வலுவான சான்றாகும்.